கூறைச்சேலைப் பெட்டியில் ஒரு பேட்டரி

ஸ்டோரில் ஊதும் சங்கைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு வட்டவளையிலிருந்து ஒரு தங்கை கடிதம் போட்டிருக்கிறார். "அண்ணே, உங்க தொடர்ல எல்லாப் பெருமையும் மோட்டருக்கும் சங்குக்கும்தான் போகுது. அக்காவப் பத்தி ஒரு வரி காணோமே" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்தக் கடிதத்தை எனக்கு முன்னாலேயே என் மனைவி பாக்கியம் பிரித்துப் படித்துவிட்டாள். ஆகவே இந்த வாரம் வேறு எதையும் எழுத எனக்கு வழியில்லை.

ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை. அதில் நான் எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்தவன். பாக்கியம் சல்லடை அறையில் தூள் பிரித்தவள். இந்தக் கதை ஸ்டோருக்குள் நடக்கவில்லை, தோட்டத்துக் கிரவுண்டில் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெயிலும் மூட்டமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. எங்கள் சின்னதொரையின், அதாவது தோட்டத்து உதவி மேனேஜரின், சிநேகிதர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து தன் சிவப்பு விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். ஆள் ஏறுகிற விமானம் இல்லை. நான்கடி இறக்கை, கையில் ரிமோட், வயிற்றில் பேட்டரி. மூன்று சுற்று மிக அழகாக வந்தது. நான்காவது சுற்றில் மூட்டம் இறங்கிவிட, அவர் அதைக் கண்ணால் தேடிப் பிடிப்பதற்குள் எல்லையோரத்துச் சவுக்கு மரத்தில் போய் மூக்கைக் கொடுத்தது.

நான்தான் ஓடிப்போய்ப் பொறுக்கி வந்தேன். இறக்கை இரண்டாகியிருந்தது. சவர்க்காரக் கட்டி அளவிலான பேட்டரி வெளியே பிதுங்கி, ஒரு மூலை நசுங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடில்லை, புகையில்லை. கொழும்புக்காரர் எல்லாவற்றையும் என் கையிலிருந்து வாங்கி ஜீப்பின் பின் ஆசனத்தில் போட்டார். அவருடைய இரண்டு சின்ன மகள்மார் ஏற்கெனவே அந்த ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து சொக்லட் தின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கனிந்து உடைந்த பேரிக்காயின் இனிப்பு. மெல்லியதுதான், வந்தது தெரியாமல் போய்விடும் அளவுக்கு மெல்லியது. ஆனால் எனக்கு அது முன்பே தெரிந்த வாசனை.

"தொர, அந்தப் பேட்டரிய வண்டியில ஏத்தக் கூடாதுங்க" என்றேன்.

சின்னதொரை என்னை முறைத்தார். விருந்தாளி முன்னால் நான் இப்படிப் பேசியதில் அவருக்குச் சங்கடம். "ஏய் ராமையா, நீ என்ன பேசுறது?" என்றார்.

கொழும்புக்காரர் சிரித்தார். அது ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடக்கிறது, இருட்டுவதற்குள் தாங்கள் கினிகத்தேனைக்கு இறங்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு கதவில் கை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் இருந்தது ஒரே பதில். ஒன்றரை வருடமாக நானும் பாக்கியமும் மூடி வைத்திருந்த பதில். அதைச் சொன்னால் எனக்கு வரவிருந்த வேலைக் கடிதம் வராது.

பன்னிரண்டு வோல்ட் என்ற கொசு

வேலைக் கடிதத்தின் கதையைச் சொல்ல வேண்டும். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவன். லயத்தில் பிறந்தவன் ஸ்டோரில் மோட்டர் துடைக்கலாம், ஃபியூஸ் போடலாம், ஆனால் எலெக்ட்ரீஷியன் என்று உத்தியோகத்தர் பட்டியலில் பெயர் ஏறுவது வேறு விஷயம். பழைய எலெக்ட்ரீஷியன் ஓய்வு பெற்றுப் போன பின் அந்த வேலை முழுவதையும் நான்தான் செய்தேன். பெயர் மட்டும் கூலிப் பதிவில் இருந்தது. "உன்ன நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியிருக்கேன், பொறு" என்று சின்னதொரை சொல்லியிருந்தார். நானும் பொறுத்திருந்தேன். பொறுத்திருப்பதில் எங்கள் ஆட்களை யாரும் ஜெயிக்க முடியாது.

சின்னதொரை சிங்களவர், நல்ல மனிதர், கொஞ்சம் விளையாட்டுப் புத்தி. பங்களாவில் ஒரு அறை முழுக்க விமானம். முதலில் அவர் வைத்திருந்தது பழைய ரகப் பேட்டரிகள், செங்கல் கனம். பறப்பதைவிட விழுவதுதான் அதிகம். போர்நிறுத்தம் இருந்த அந்த நாட்களில், சிங்கப்பூரிலிருந்து யாரோ அவருக்குப் புது ரகம் கொண்டுவந்து கொடுத்தார்கள். லித்தியம் பாலிமர். கையில் எடுத்தால் உள்ளே எதுவும் இல்லாதது போல இருக்கும், ஆனால் விமானம் அதைப் போட்டதும் கழுகு மாதிரி ஏறியது.

பங்களாவில் கரண்ட் கூடும், குறையும். அதனால் அந்தப் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் பொறுப்பு ஸ்டோர் பட்டறைக்கு, அதாவது எனக்கு வந்தது. எனக்கு ஒரே பூரிப்பு. நானூறு வோல்ட் மோட்டர்களோடு பழகிய கை என்னுடையது. இந்தக் குட்டிப் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட் எனக்கு ஒரு கொசு. விரலை வைத்தாலும் அதிர்ச்சி அடிக்காது.

அடிக்காதது ஆபத்தில்லாதது என்று நினைத்தேன். கரண்ட் வேலை செய்பவன் செய்கிற முழு முட்டாள்தனம் அதுதான். பன்னிரண்டு வோல்ட்டுக்கு ஆளை அடிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால், உள்ளே இருப்பது மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வரும். அப்போது அந்த மெல்லிய வயரில் ஓடுவது ஒரு வெல்டிங் மெஷினுக்குச் சமம்.

ஈரம் புகாத பெட்டி

எங்கள் மலையில் எதுவும் காயாது. மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொள்ளும். உப்பு கரையும், தீக்குச்சி பற்றாது, நல்ல சேலையில் பூஞ்சணம் பிடிக்கும். இதற்கு எங்கள் லயங்களில் ஒரே மருந்து, பழைய தேயிலைப் பெட்டி. கப்பலில் தூள் அனுப்புவதற்கென்று செய்த பலகைப் பெட்டி. உள்பக்கம் முழுக்க ஈயத்தாள், அதாவது பளபளக்கும் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். கடல் காற்றையே உள்ளே விடாத பெட்டி, மூட்டத்தை விடுமா? பெட்டிக்குப் பதில் காகிதச் சாக்கு வந்த பிறகும் ஒவ்வொரு வீட்டிலும் பழைய பெட்டி ஒன்று இருந்தது. வீட்டின் பெறுமதியானது எல்லாம் அதற்குள்தான்.

எங்கள் பெட்டியில் இருந்தவை மூன்று. பாக்கியத்தின் கூறைச்சேலை, அரக்குச் சிவப்பில் மாம்பிஞ்சுக் கரை. என் மாமனார் ஐந்து வருடம் சீட்டுப் பிடித்து வாங்கிய சேலை. அடுத்தது ஒரு பிளாஸ்டிக் உறையில் எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் பிரஜாவுரிமைத் தாளும். நாடற்றவர்கள் என்ற பெயரைச் சுமந்த எங்கள் ஆட்களுக்கு அந்தத் தாள் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. மூன்றாவதாக ஒருநாள் சின்னதொரையின் பேட்டரியும் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் புதுப் பிளக் பற்றவைக்கச் சொல்லித் தந்திருந்தார். பழைய பிளக்கை வெட்டினேன், இரண்டு வயர் முனையையும் சீவினேன். பற்றவைக்கும் சால்டரிங் கோல் அந்த நேரம் பார்த்துச் செத்துப்போனது. மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. பட்டறைக் கூரை ஒழுகும், இம்புட்டு விலையுள்ள சாமானை ஈரத்தில் விடுவதா என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மரியாதையாகத் துண்டில் சுற்றி, சேலைக்குப் பக்கத்தில், ஈயத்தாளில் சாய்த்து வைத்தேன். வயர் முனைகளுக்கு ஒரு அங்குல டேப் சுற்றவில்லை. சுற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. கொசுதானே.

மறுநாள் நடுப்பகல் நான் பீலியில், லயத்துப் பொதுத் தண்ணீர்க் குழாயில், குளித்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியிலிருந்து பத்திரங்களை எடுக்கப் போயிருக்கிறாள். அடுத்த நாள் கூப்பன் கடையில், அதாவது ரேஷன் கடையில், ஏதோ பதிவு. உறையை இழுத்து, மூடியைத் திரும்பப் போட்டிருக்கிறாள். அந்த அசைவில் துண்டு விலகி, வயர் முனை இரண்டும் ஈயத்தாளில் தொட்டிருக்க வேண்டும். சற்று நேரத்தில் வீடு முழுக்கப் பேரிக்காய் வாசனை. இந்த மாசத்தில் ஏது பேரிக்காய் என்று திரும்பியிருக்கிறாள். பெட்டியின் இடுக்கால் வெள்ளைப் புகை.

திறந்ததும் நெருப்பு முகத்துக்கு வந்தது. பத்திர உறை பெட்டிக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. முதலில் அதை இடுப்பில் சொருகியிருக்கிறாள். பிறகு ஈரச் சாக்கைப் போட்டுப் பெட்டியைக் கட்டிப் பிடித்து, பன்னிரண்டு குடும்பம் ஒரே கூரையில் இருக்கிற லயத்தின் வாசலைத் தாண்டி இழுத்துப்போய்க் கானுக்குள், தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள், தள்ளி, மேலே அடுப்புச் சாம்பலையும் மண்ணையும் கொட்டியிருக்கிறாள். நான் ஈரத் துண்டோடு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் கான் ஓரத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். வலது முன்கையில் தோல் உரிந்திருந்தது.

"பத்திரம் பத்திரமா இருக்குங்க" என்றாள். கானுக்குள் மாம்பிஞ்சுக் கரை கறுத்துச் சுருண்டு கிடந்தது.

அடுப்புப் பொறி

புகையைப் பார்த்து லயமே கூடிவிட்டது. என்ன, என்ன என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் சொன்னாள், "அடுப்புப் பொறி பறந்து சேலையில விழுந்திருச்சு. நாந்தான் கவனிக்கல."

உள்ளே வந்து, எதற்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"லயத்துல நெருப்பு வச்சவன்னு பேரு வந்தா ஒங்களுக்கு எங்க வேல குடுப்பாங்க? பொம்பளைக்குச் சேல எரிஞ்சா நாலு நாள் பேசுவாங்க. விட்டுருவாங்க."

நாலு நாளில் விடவில்லை. கூறைச்சேலை எரிவது எங்களிடம் அபசகுனம். தாலி கட்டிய சேலையை அடுப்பில் விட்டவள் என்று பீலியடியில் பேசினார்கள். கல்யாண வீடுகளில் நலங்கு வைக்க அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். முன்பு முதலாவதாகக் கூப்பிடுவார்கள், அவள் கை ராசியான கை என்று. அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நான் சின்னதொரையிடம் போய், "பேட்டரி செத்துப்போச்சு தொர" என்றேன். அவர் "ஆங், சில நேரம் அப்பிடித்தான்" என்று வேறொன்றை எடுத்துத் தந்தார். அவ்வளவு சுலபமாக முடிந்தது என் பொய்.

அதன் பிறகு வேலைக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆசையும் வெட்கமும் சேர்ந்தே வந்தன. கடிதம் வந்தால் அது அவள் முதுகில் ஏறி வந்த கடிதமாகத்தான் இருக்கும்.

மணல் வாளி

என் வெட்கத்தை வேலையில் காட்டினேன். சின்னதொரையின் ஆங்கிலச் சஞ்சிகைகளையும் சார்ஜரோடு வந்த தாளையும் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்தேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாகி வருவார், ஒரு மாதத்தில் மாற்றலாகிப் போவார். ஆகவே அந்த இரண்டு மாதம் எனக்குப் பெருமைதான்.

அந்தப் பேட்டரிக்குள் மூன்று அறைகள். ஒவ்வொன்றும் நாலு புள்ளி இரண்டு வோல்ட்டுக்கு மேல் ஒரு மயிரிழை ஏறக் கூடாது, மூன்றுக்குக் கீழே இறங்கவும் கூடாது. பழைய பேட்டரியைப் போல் ஒட்டக் காலியாக்கிவிட்டு ஏற்றுவது இதற்கு விஷம். மூன்று அறை என்று சார்ஜருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். தவறி நாலு என்று சொன்னால் அது நம்பிவிடும், நம்பி நெருப்பு வைத்துவிடும். பறந்து வந்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது. பாவிக்காத நாட்களில் அரை வயிறாக வைக்க வேண்டும். கொஞ்சம் ஊதியிருந்தாலும் அதற்கு ஆயுள் முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். பால் அடுப்பில் இருக்கும்போது யார் வெளியே போவார்கள்?

ஸ்டோர் சுவரில் சிவப்பு வாளிகள் தொங்குமே, மணல் நிரப்பி, நெருப்புக்கென்று? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், யாரும் அதைத் தொட்டதில்லை, வெற்றிலை துப்புவதைத் தவிர. அதில் இரண்டை இறக்கினேன். மணலைக் கழுவி, டிரையர் வாசலில் காயவைத்துச் சலித்தேன். சலித்துத் தந்தது பாக்கியம். மண்சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் பேட்டரியை வைத்துத்தான் சார்ஜ். பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் தயார்.

பேட்டரி ஊதுகிறதா என்று கண்டுபிடிப்பதிலும் அவளை நான் ஜெயித்ததில்லை. தூளை இரண்டு விரலில் உருட்டி இது எந்தத் தரம் என்று சொல்கிற கை. பேட்டரியை வாங்கி அதன் தட்டைப் பக்கத்தை ஒரு தடவு தடவி, "இது சரியில்லங்க" என்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்தில் அது மெத்தை மாதிரி எழும்பும். அப்படி ஒதுக்கியதை, சார்ஜை மெல்ல மெல்ல இறக்கி, உப்புத் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறவைத்து அப்புறப்படுத்துவேன்.

எங்கள் டீமேக்கர், ஸ்டோருக்குப் பெரியவர், குளிர்காலத்தில் பேட்டரி சோர்ந்துபோவதைப் பார்த்துவிட்டு, "டிரையர் பக்கத்துல ஒரு அஞ்சு நிமிசம் வச்சு எடு, சுறுசுறுப்பாயிரும்" என்றார். முடியாது என்றேன். அவரிடம் நான் முடியாது என்று சொன்ன முதல் தடவை அதுதான்.

கொழும்பிலிருந்து புதுப் பேட்டரி இரண்டை மணல் டின்னில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்த கூத்தும் உண்டு. சோதனைக்கு பஸ்ஸை நிறுத்தினார்கள். தமிழன் மடியில் ஒரு டின், டின்னில் மணல், மணலுக்குள் வயர். நினைத்துப் பாருங்கள். "மே மொகக்த?" என்றார் சிப்பாய், இது என்ன என்று. சின்னதொரை தந்த கடிதத்தை நீட்டி, "செல்லம் ப்ளேன் எக்கட, மஹத்தயா" என்றேன், விளையாட்டு விமானத்துக்கு என்று. கடிதத்தைப் படித்துவிட்டு, அப்போ மணல் எதற்கு என்று கேட்டார். அது நெருப்புப் பிடித்தால் உங்களுக்கும் எனக்கும் நல்லதற்கு என்று சொன்னேன். அவர் டின்னை மிக மெதுவாக என் மடியிலேயே திரும்ப வைத்தார்.

ஒன்றரை வருடத்தில் எத்தனையோ தடவை சார்ஜ் ஏற்றினேன். ஒரு பேட்டரிகூட என் கையில் புகையவில்லை. இதை நான் தலை நிமிர்ந்து சொல்வேன்.

கால் மணி நேரம்

கிரவுண்டுக்குத் திரும்புவோம். கொழும்புக்காரர் கதவில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டார். சஞ்சிகையில் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியும் பார்த்தேன். "நானும் படிச்சேன், அது சீனாக்காரன் மலிவுச் சாமானுக்கு" என்று சிரித்துவிட்டு, சாவியை எடுத்தார். சின்னப் பிள்ளை பேட்டரியைக் காலால் தள்ளிவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டது.

பாக்கியம் பத்தடி தூரத்தில் நின்றாள். விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தாள். அவள் மூக்கு சுருங்குவதைப் பார்த்தேன். அவளுக்கும் வந்துவிட்டது அந்த வாசனை. அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. வெறுமனே பார்த்தாள்.

"தொர, என் வீட்டுல ஒண்ணு எரிஞ்சிச்சுங்க" என்றேன்.

சின்னதொரை திரும்பினார். "என்ன?"

"செத்துப்போச்சுன்னு ஒங்ககிட்ட சொன்ன பேட்டரி. சாகல. நாந்தான் வயர மூடாம ஈயத்தாள் பெட்டியில வச்சேன். லயத்துக்குள்ள நெருப்புப் புடிச்சிருச்சு. வேல போயிரும்னு பொய் சொன்னேன். இவதான் பெட்டிய இழுத்துப் போட்டு லயத்தக் காப்பாத்துனா. பழியையும் இவளே எடுத்துக்கிட்டா. எரியிறதுக்கு முன்னால இதே வாசனதான் வந்துச்சு. நம்பலைன்னா இவளக் கேளுங்க."

பாக்கியம் தேத்தண்ணித் தட்டைப் புல்லில் வைத்தாள். ஜீப்புக்குக் கிட்டப் போய் ஒரு மூச்சு இழுத்தாள். "அதேதாங்க தொர" என்றாள். "பேரிக்கா வாசன. மொதல்ல பிள்ளைகள எறக்குங்க."

சின்னதொரை ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜீப்புக்குள் குனிந்து, இரண்டு பிள்ளைகளையும் தூக்கி வெளியே விட்டார். பேட்டரியைத் தானே எடுத்து என் கையில் தந்தார். நான் கிரவுண்டின் நடுவில், காற்றுக்குக் கீழ்ப்பக்கம், விமானம் பறக்கும்போதெல்லாம் நான் கூடவே கொண்டுவரும் இரண்டு மணல் வாளிகளில் ஒன்றில் அதை வைத்துவிட்டு வந்தேன். கொழும்புக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஐந்து நிமிடம். ஒன்றுமில்லை. பத்து நிமிடம். வாளி தன் பாட்டில் நின்றது. பிள்ளைகள் புல்லில் உருண்டு விளையாடின. கொழும்புக்காரர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லச் சின்னதொரை நிலத்தைப் பார்த்தார்.

பாக்கியம் பக்கத்தில் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அது எரியலைன்னாலும் பரவாயில்லங்க. நீங்க சொல்லிட்டீங்க, அது போதும்" என்றாள்.

அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. எரி, எரி என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாளியிலிருந்து சீறல் கேட்டது. வெள்ளைப் புகை ஒரு தூணாக எழுந்தது. அடுத்த கணம் ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு. அடங்குவது போலிருந்து, இரண்டாவது அறை பிடித்து மறுபடி சீறியது, பிறகு மூன்றாவது. புகை போகாத பக்கமாகச் சுற்றிப் போய் மற்ற வாளி மணலை மேலே கவிழ்த்தேன். கிரவுண்டு முழுக்க அந்த இனிப்பு நாற்றம்.

கொழும்புக்காரர் ஜீப்பின் பின் ஆசனத்தைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூத்த பிள்ளை ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. வெகுநேரம் கழித்து எழுந்து வந்து, என்னை இல்லை, பாக்கியத்தைக் கும்பிட்டார். அவள் பதறிப்போய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

பத்தாவது விதி

"நாளைக்கி காலம்பற ஆபீசுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சின்னதொரை போய்விட்டார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பாக்கியம் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "நீ பொய் சொன்னது. அந்தப் பொய்க்கி ஒன் கடிதம் ஆறு மாசம் தள்ளிப் போகுது" என்றார். சரிங்க தொர என்றேன். அது நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். "நேத்து நெசம் சொன்னது. அதுக்காகத்தான் கடிதமே வருது" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, பேட்டரியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, பட்டறைச் சுவரில் ஒட்டச் சொன்னார். நான் வாசல் வரை போன பிறகு கூப்பிட்டு, "ஒன் சம்சாரத்தோட சேலை என்ன நெறம்?" என்று கேட்டார். அரக்குச் சிவப்பு என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கோப்பைத் திறந்துகொண்டார்.

லயத்துக்கு நான் சொல்லப் போக வேண்டியிருக்கவில்லை. கிரவுண்டில் விமானம் பார்க்க வந்திருந்த பையன்கள் மூலம் செய்தி எனக்கு முன்னாலேயே பீலியடிக்கு வந்துவிட்டது. மறுவாரம் பக்கத்து லயத்தில் ஒரு பெண்ணுக்கு நலங்கு. பாக்கியத்தைக் கூப்பிட மூன்று பேர் வந்தார்கள். வாசலில் நின்று சிரித்துக்கொண்டே, "ஏன் அக்கா, இம்புட்டு நாளா ஒரு வார்த்த சொல்லலையே?" என்றார்கள். "நீங்க கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் தலை சீவப் போய்விட்டாள். அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு முன்னால், ஆறு மாதம் கழித்து வந்த வேலைக் கடிதம் இரண்டாவதுதான்.

தாளை நான் மூன்று நாள் எழுதினேன். தமிழில் ஒன்பது விதி, எதிரே சிங்களத்தில் அதே ஒன்பது விதி, கீழே ப. ராமையா என்று கையெழுத்து. அந்த ஸ்டோர் சுவரில் லயத்து ஆள் ஒருவனின் பெயர் ஏறியது அதுவே முதல் தடவை. வீட்டுக்குக் கொண்டுவந்து பாக்கியத்திடம் வாசித்துக் காட்டினேன். குரலில் கொஞ்சம் பெருமை கூடியிருக்கலாம்.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "எல்லாஞ் சரிதான். என் சேல எரிஞ்சது எங்க இதுல?" என்றாள்.

அவள் பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, என் கையெழுத்துக்கும் கீழே ஒரு வரி எழுதினாள். டீமேக்கர் அதைப் பார்த்துவிட்டு, இது ஸ்டோர் நோட்டீஸா, வீட்டுச் சண்டையா, கிழித்துவிட்டு நல்லதாக எழுது என்றார். சின்னதொரை யாரையோ விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டு, வாய்விட்டுச் சிரித்து, அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

சின்னதொரை மாற்றலாகிப் போய்விட்டார். விமானங்களும் போய்விட்டன. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். தாள் மட்டும் பழுப்பேறி அந்தச் சுவரிலேயே இருக்கிறது. யாராவது ஸ்டோர் பார்க்க வந்தால் நான் கூட்டிப்போய்க் காட்டுவேன். மேலே உள்ள ஒன்பதையும் அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். பத்தாவதை மட்டும் நானே விரல் வைத்து, உரக்க வாசிப்பேன்:

"பேட்டரியைத் தேயிலைப் பெட்டியில் வைக்கக் கூடாது. மேலே கையெழுத்துப் போட்டவர் வைத்தார். இப்படிக்கு, ரா. பாக்கியம், சல்லடை அறை."